டஸ்டரில் வேலைக்குப் போய்வந்த ஏழு ஆண்டுகள்

2017 ஏப்ரலில், மிச்சிகன் மாநிலத்தின் ராயல் ஓக் நகருக்குக் குடிவந்த இரண்டாம் ஆண்டில், 1970ஆம் ஆண்டு மாடல் ப்ளிமத் டஸ்டர் கார் ஒன்றை வாங்கினேன். அதன் பக்கவாட்டில் 340 என்ற எண்ணுடன் (கன அங்குலத்தில் எஞ்சினின் கொள்ளளவு) கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தது. விற்றவரும் அது 340 எஞ்சின் வண்டி என்றே விளம்பரம் செய்திருந்தார். ஆனால் டாஷ்போர்டின் இடது ஓரத்தில், முன்கண்ணாடி வழியாக வெளியிலிருந்தே படிக்கக்கூடிய அடையாள எண் அப்படிச் சொல்லவில்லை. ப்ளிமத்தைத் தயாரித்த கிரைஸ்லர் நிறுவனத்தின் அக்கால அடையாள எண்களில் ஐந்தாவது இடத்தில் வரும் எழுத்து எஞ்சினைக் குறிக்கும். 340 எஞ்சினுடன் பிறந்த 1970 டஸ்டருக்கு அந்த இடத்தில் ‘ஹெச்’ இருக்க வேண்டும். இதில் ‘ஜி’ இருந்தது, அதாவது சாதாரண 318. பானெட்டைத் திறந்து, எஞ்சின் பிளாக்கின் இடது பக்கத்தில் வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் எண்ணை டார்ச் வெளிச்சத்தில் தேடியபோது, மூன்றாவதாக ஓர் எண் கிடைத்தது: 360. ஸ்டிக்கரில் ஒன்று, பிறப்புச் சான்றில் ஒன்று, வயிற்றுக்குள் இன்னொன்று. விற்றவர் வேண்டுமென்று பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தனக்கு விற்றவர் சொன்னதை அவர் என்னிடம் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான். விலையை நன்றாகக் குறைத்துக் கேட்டேன், கொடுத்துவிட்டார்.

அந்த மூன்று எண்களின் முரண்பாட்டை அன்று பேரம் பேசுவதற்கான துருப்புச்சீட்டாக மட்டுமே பார்த்தேன். பின்னர் வந்த ஏழு ஆண்டுகளில் என்னை வழியில் நிறுத்திய, பணத்தைக் கரைத்த, இரவுகளைத் தின்ற கோளாறுகளில் பெரும்பாலானவை 1970ஆம் ஆண்டுப் பொறியாளர்கள் விட்ட பிழைகள் அல்ல, அவர்களுக்குப் பின் அரை நூற்றாண்டாக இந்த வண்டியைத் தொட்டவர்கள் விட்டுச்சென்ற கைவேலைகள் என்பது மெல்ல மெல்லத்தான் புரிந்தது.

மஸில் கார் என்று அமெரிக்கர்கள் சொல்வது, நடுத்தரமான அல்லது சிறிய உடலில் பெரிய வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினை வைத்து இளைஞர்களுக்கு எட்டும் விலையில் விற்ற வண்டிகளை. 1964இல் பான்டியாக் தன் டெம்பெஸ்ட் காரில் 389 கன அங்குல எஞ்சினை வைத்து ஜிடிஓ என்ற பெயரில் விற்றதை இதன் தொடக்கமாகப் பலரும் கொள்கிறார்கள். டஸ்டர் அந்த அலையின் உச்சத்தில், அது இறங்கத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் வந்தது. வேலியன்ட் என்ற சிக்கனமான குடும்ப வண்டியின் முன்பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, பின்பாதியை மட்டும் சரிந்த கூரையோடு மாற்றி, குறைந்த செலவில் ப்ளிமத் இதை உருவாக்கியது. 340 எஞ்சினுக்கு (5.6 லிட்டர்) 1970இல் 275 குதிரைத்திறன் என்று அச்சிட்டார்கள், 1972இல் அதே அளவு எஞ்சினுக்கு 240 என்று அச்சிட்டார்கள். அமுக்க விகிதம் ஏறத்தாழ 10.5இலிருந்து 8.5க்கு இறங்கியது ஒரு காரணம்; அளக்கும் முறையே மாறியது இன்னொரு காரணம். முன்பு எஞ்சினைத் தனியாக மேடையில் ஏற்றி, ஏர் ஃபில்ட்டரும் சைலன்சரும் இல்லாமல் அளந்தார்கள். 1972 முதல் வண்டியில் இருப்பதுபோல் எல்லாவற்றையும் பொருத்தி அளந்த நிகர எண்ணை வெளியிட்டார்கள். பழைய வண்டிகளின் திறனை ஒப்பிட்டு வாக்குவாதம் செய்பவர்களில் பாதிப்பேர் இந்த இரண்டு அளவுகளையும் ஒரே தராசில் வைத்துவிடுகிறார்கள்.

என் திட்டம் எளிமையானது. ராயல் ஓக்கிலிருந்து உட்வர்டு அவென்யூ வழியாக வடக்கே ஆபர்ன் ஹில்ஸ் வரை, ஒரு வழிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர், குளிர்காலம் தவிர மற்ற மாதங்களில் தினமும் இதில் வேலைக்குப் போவது. ஓட்ட ஓட்ட எது கெடுகிறதோ அதைச் சரிசெய்துகொண்டே போவது. முழுவதையும் பிரித்துப் போட்டு, இரண்டு ஆண்டுகளில் புத்தம் புதிதாக்கிவிடலாம் என்று தொடங்கியவர்களின் கராஜ்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு தகரக்கூடும், பெயர் எழுதாத ஐம்பது அட்டைப்பெட்டிகளும், பேசப் பிடிக்காத மனைவியும் இருப்பார்கள். ஓடும் வண்டி தன் குறையைத் தானே வரிசைப்படுத்திச் சொல்லும் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

தினமும் ஓட்ட நினைப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது நம்பர் பிளேட்டையும் காப்பீட்டையும்தான். மிச்சிகனில் 26 ஆண்டுகளைக் கடந்த வண்டிக்கு வரலாற்று வாகனம் என்ற தனிப் பிளேட்டை மிகக் குறைந்த கட்டணத்தில் தருகிறார்கள். ஆனால் அந்தப் பிளேட்டோடு கண்காட்சி, சங்கக் கூட்டம், ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் வண்டியை எடுக்கலாம். ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் சாதாரணப் போக்குவரத்துக்கும் பயன்படுத்தலாம். ஆகஸ்டுக்கு மட்டும் ஏன் சலுகை என்பது உட்வர்டு சாலையோரம் வசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: 1995 முதல் ஆகஸ்ட் மாதத்து மூன்றாம் சனிக்கிழமையில் பழைய கார்கள் ஆயிரக்கணக்கில் அந்தச் சாலையில் ஊர்ந்து போகும். பழைய வண்டிகளுக்கென்று மலிவாக விற்கும் காப்பீடுகளும் அலுவலகப் பயணத்தை வழக்கமாக விலக்கிவிடும். நான் சாதாரணப் பிளேட்டும் சாதாரணக் காப்பீடும் எடுத்தேன். கூடுதல் செலவுதான், ஆனால் திங்கட்கிழமை காலையில் பின்னாலிருந்து யாராவது இடித்தால் வாக்குமூலம் தருவதற்கு யோசிக்க வேண்டியதில்லை.

அடுத்தது பிரேக். 318 வண்டியாகப் பிறந்ததால் இதில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக், அதுவும் பவர் உதவி இல்லாதது. வறண்ட சாலையில் ஒருமுறை நிறுத்துவதற்கு அது போதும். மழைநீர் தேங்கிய பள்ளத்தைக் கடந்து அடுத்த சிக்னலில் மிதித்தபோது, ஈரமான டிரம் பிடிக்காமல், காய்ந்திருந்த மறுபக்கத்து டிரம் மட்டும் பிடித்து, வண்டி பக்கத்துத் தடத்துக்குள் பாதி நுழைந்துவிட்டது. அந்த வாரமே முன்பக்கத்தை டிஸ்க்குக்கு மாற்ற முடிவெடுத்தேன். 1973 முதல் 1976 வரை வந்த ப்ளிமத் வேலியன்ட், டாட்ஜ் டார்ட் வண்டிகளின் முன்சக்கர பிரேக் அமைப்பு இதில் பொருந்தும். அதைத் தழுவிய புதிய உதிரித் தொகுப்புகளும் கிடைக்கின்றன. ஆனால் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, சக்கரப் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 4 அங்குலத்திலிருந்து 4½ அங்குலமாக மாறும். பின் ஆக்ஸிலையும் மாற்றும்வரை, ஓராண்டுக்கும் மேலாக, முன்னால் பொருந்தும் ஸ்டெப்னி பின்னால் பொருந்தாமல் இரண்டு ஸ்டெப்னிகளைச் சுமந்து திரிந்தேன். இரண்டாவது, முன்னால் டிஸ்க் வந்தபின் பின்சக்கரங்களுக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வு வேண்டும். இல்லையென்றால் அவசரத்தில் மிதிக்கும்போது பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். சரிசெய்யக்கூடிய வால்வைப் பொருத்தி, ஆளில்லாத ஒரு வாகன நிறுத்துமிடத்தில் ஞாயிற்றுக்கிழமை மழையில் பத்துப் பதினைந்து முறை மிதித்துப் பார்த்து அளவை நிலைநிறுத்தினேன்.

பழைய டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக்கூடாது. அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு; நீர் தெளித்து, நனைந்த துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பையில் கட்டி எறிய வேண்டும்.

சக்கரத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிரைஸ்லர் வண்டிகளில் 1970 வரை இடது பக்கச் சக்கர நட்டுகள் இடம்புரி மரை கொண்டவை. ஓடும்போது நட்டு தானாகக் கழன்றுவிடக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. போல்ட்டின் நுனியில் ‘எல்’ என்ற எழுத்தைப் பொறித்திருப்பார்கள். டயர் மாற்றக் கொடுத்த கடையில், ஊழியர் அதைப் பார்க்காமல் காற்றுத் துப்பாக்கியை வைத்து இரண்டு போல்ட்டுகளை முறித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் பிறப்பதற்கு முன்பே அந்த வழக்கம் ஒழிந்துவிட்டது, முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவன் நான். அதன்பின் எந்தக் கடைக்குப் போனாலும் இடது சக்கர மூடியில் சாக்பீஸால் அம்புக்குறி போட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பேன்.

மின்சார விஷயத்தில் மட்டும் தொழிற்சாலையின் மீதே எனக்கு வருத்தம் உண்டு. இந்த வண்டிகளில் டாஷ்போர்டில் மின்னோட்டத்தை அளக்கும் ஓர் ஆம்மீட்டர் இருக்கும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் மின்னோட்டம் முழுவதும் எஞ்சின் பக்கத்திலிருந்து தடுப்புச்சுவரில் உள்ள பிளாஸ்டிக் இணைப்பியின் வழியாக உள்ளே வந்து, ஆம்மீட்டரைக் கடந்து, மீண்டும் அதே இணைப்பியின் வழியாக வெளியே போக வேண்டும். புதிதாக இருந்தபோது அது தாங்கியிருக்கும். ஐம்பது ஆண்டு அழுக்கும் களிம்பும் படிந்த முனைகளில் மின்தடை கூடி, சூடேறி, பிளாஸ்டிக் உருகுகிறது. இடையில் ஒருவர் பெரிய ஆல்டர்னேட்டரைப் போட்டு, இன்னொருவர் ஆம்ப்ளிஃபையரை அதன்மேல் ஏற்றியிருந்தார். என் வண்டியில் அந்த இணைப்பியைப் பிரித்தபோது இரண்டு முனைகள் பழுப்பேறி, ஒன்றின் சுற்றுச்சுவர் கற்பூரம்போல் பொரிந்திருந்தது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் டாஷ்போர்டுக்குள் நெருப்பு வந்திருக்கும். ஆல்டர்னேட்டரிலிருந்து ஸ்டார்ட்டர் ரிலேயின் பேட்டரி முனைக்கு, உருகு கம்பி வைத்த தடித்த வயரை நேரடியாக இழுத்து, ஆம்மீட்டரின் இரு வயர்களையும் ஒன்றாக இணைத்து, அதை இடத்திலேயே விட்டு, அதன் வேலைக்குத் தனியாக வோல்ட்மீட்டர் வைத்தேன். ஹெட்லைட் மின்னோட்டம் முழுவதும் சுவிட்ச் வழியாகவே போவதால் அதற்கும் ரிலே போட்டேன். விளக்கின் வெளிச்சம் கண்கூடாகக் கூடியது. பழைய கிரைஸ்லர் வண்டி வாங்குபவர் முதல் வாரத்தில் செய்ய வேண்டிய வேலை எது என்று கேட்டால், பிரேக்குக்கு அடுத்தபடியாக இதைத்தான் சொல்வேன்.

பல்லாஸ்ட் ரெசிஸ்டர் என்ற சிறு பீங்கான் துண்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இக்னிஷன் காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்துவது அதன் வேலை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டும் மின்னோட்டம் அதைச் சுற்றிக்கொண்டு நேராகப் போகும். ஆகவே அது எரிந்துபோனால், சாவியைத் திருப்பும்போது எஞ்சின் பிடிக்கும், சாவியை விட்டவுடன் அணைந்துவிடும். பெட்ரோல் பங்க் ஒன்றில் இருபது நிமிடம் இப்படி பிடிப்பதும் அணைவதுமாக நின்று, கார்புரேட்டரைச் சந்தேகித்து அதன் மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன். வெள்ளைமீசைக்காரர் ஒருவர் தன் பிக்கப்பிலிருந்து இறங்கிவந்து, சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் தடுப்புச்சுவரில் இருந்த அந்தத் துண்டைத் தொட்டுக் காட்டினார். அதன் விலை சில டாலர்கள்தான். இப்போது ஒன்று பொருத்தியிருக்கிறது, ஒன்று கையுறைப் பெட்டியில் இருக்கிறது.

நெடுஞ்சாலையில் வண்டி இடமும் வலமும் அலைந்துகொண்டே போனதற்குக் காரணம் ஸ்டியரிங் பாக்ஸின் தேய்மானம் என்று பலரும் சொன்னார்கள். உண்மையான காரணம் வீல் அலைன்மென்ட். 1970இன் அளவுகள் அந்தக் காலத்துக் குறுக்குப்பின்னல் டயர்களுக்காக எழுதப்பட்டவை; முன்சக்கர அச்சின் பின்சாய்வு, அதாவது காஸ்டர், அதில் மிகக் குறைவு. இன்றைய ரேடியல் டயர்களுக்கு அந்தச் சாய்வு கூடுதலாக வேண்டும். மேல் கட்டுப்பாட்டுக் கையில் மையம் விலகிய புஷ்களைப் பொருத்தி, ஏறத்தாழ 3 டிகிரி பின்சாய்வு கிடைக்கும்படி செய்தபின், ஒரு கையால் பிடித்து ஓட்டும் அளவுக்கு வண்டி அடங்கியது. அலைன்மென்ட் கடைக்காரர் கணினியில் வண்டியின் ஆண்டைத் தட்டி, வரும் பழைய எண்ணுக்கே சரிசெய்து கொடுப்பார். நமக்கு வேண்டிய அளவுகளைத் தாளில் எழுதிக் கையில் கொடுப்பது நல்லது.

இனி அதிர்வின் கதை. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுகளை நெருங்கும்போது இருக்கையின் அடியிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பும். பின்பார்வைக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகள் நீரில் தெரியும் நிழல்போல் கலங்கும். முதலில் டயர்களைச் சமன்செய்தேன். பிறகு டிரைவ் ஷாஃப்ட்டின் யூ ஜாயிண்டுகளை மாற்றினேன். பிறகு டிரைவ் ஷாஃப்ட்டையே கொண்டுபோய்ச் சமன்செய்தேன். அதுவும் போதாதென்று கியர்பாக்ஸ் மவுண்ட்டையும் எஞ்சின் மவுண்டுகளையும் புதிதாக்கினேன். நடுக்கம் குறையவில்லை, செலவு மட்டும் நான்கு இலக்கத்தைத் தாண்டியது. கடைசியில் செய்த சோதனையை முதல் நாளே செய்திருக்க வேண்டும்: நியூட்ரலில் நிறுத்தி வைத்து எஞ்சினை 3000 சுற்றுக்கு ஏற்றிப் பார்த்தேன். நின்ற இடத்திலும் அதே நடுக்கம். சக்கரமும் டிரைவ் ஷாஃப்ட்டும் சுற்றாதபோது வரும் அதிர்வுக்கு அவை எப்படிக் காரணமாகும்?

அப்போதுதான் முதல் நாள் பார்த்த மூன்று எண்கள் நினைவுக்கு வந்தன. கிரைஸ்லரின் 318 எஞ்சினில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டைச் சமன்செய்யும் எடை முழுவதும் கிராங்க்கிலேயே இருக்கும். 360 அப்படியல்ல, அதன் சமன் எடையில் ஒரு பகுதி வெளியே, முன்பக்கம் கிராங்க் நுனியிலுள்ள டாம்ப்பர் என்ற சக்கரத்திலும், பின்பக்கம் எஞ்சினின் சுழற்சியை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலும் இருக்கும். என் வண்டிக்குள் 360ஐ இறக்கியவர், ஏற்கெனவே இருந்த 318இன் கியர்பாக்ஸையும் அதன் கன்வெர்ட்டரையும் அப்படியே மாட்டிவிட்டிருந்தார். போல்ட்டுகள் பொருந்தின, வண்டி ஓடியது, விற்றுவிட்டார். பின்பக்க எடை இல்லாமலே எஞ்சின் எத்தனை ஆண்டுகள் சுற்றியதோ தெரியாது. கியர்பாக்ஸைக் கீழே இறக்கி, கிராங்க்கையும் கன்வெர்ட்டரையும் இணைக்கும் தகடான ஃப்ளெக்ஸ் பிளேட்டை, 360க்கென்றே எடை சேர்த்து வருவதாகப் பார்த்துப் போட்டு, எடையில்லாத கன்வெர்ட்டரை அப்படியே வைத்துக்கொண்டேன். ஒரே ஒரு தகட்டில் இரண்டாண்டு நடுக்கம் நின்றது.

நடுக்கம் நின்றாலும் சேதம் நின்றுவிடவில்லை. 2019 இலையுதிர் காலத்தில், சூடேறிய பிறகு ஐடிலில் ஆயில் அழுத்தம் கவலைப்படும் அளவுக்கு இறங்கியது. எஞ்சினைக் கழற்றியபோது பின்பக்கத்து மெயின் பேரிங் செம்பு தெரியத் தேய்ந்திருந்தது. பிளாக்கைக் கடைசலுக்குக் கொடுத்து, சிலிண்டர்களை 0.030 அங்குலம் அகலப்படுத்தி, கிராங்க்கைத் தீட்டி, புது பிஸ்டன்களோடு நானே கூட்டினேன். கூட்டும் வேலையைவிட அளக்கும் வேலைதான் அதிக நேரம் எடுத்தது, எடுக்கவும் வேண்டும். ஒவ்வொரு பேரிங்கிலும் நசுங்கும் பிளாஸ்டிக் இழையை வைத்து, மெயின் மூடிகளை 85 பவுண்டு-அடிக்கு முறுக்கி, கழற்றி, இழையின் அகலத்தைப் படித்து, எழுதிவைத்து, மறுபடி முறுக்க வேண்டும். கடைசல் பட்டறை கொடுத்த தாளில் எல்லா அளவும் சரியென்று இருந்தது. ஐந்து மெயின் பேரிங்குகளில் ஒன்று சரியாக இல்லை. தாளை நம்பி மூடியிருந்தால், அந்த வரிசையில் நானும் ஒரு முந்தைய கையாகச் சேர்ந்திருப்பேன்.

அப்படி நிதானமாக வேலை செய்தும் முதல் முறை கோட்டைவிட்டேன். வால்வுகளைத் திறக்கும் மேடுகள் கொண்ட கேம் ஷாஃப்ட்டின் மேல், அந்த அசைவை வால்வுக்குக் கடத்தும் லிஃப்டர்கள் இந்த எஞ்சினில் உருளைகள் இல்லாமல் நேரடியாக உரசுபவை. புது கேமும் புது லிஃப்டரும் ஒன்றுக்கொன்று இணங்க வேண்டுமானால், முதன்முதலில் எஞ்சின் பிடித்த நொடியிலிருந்து ஏறத்தாழ 20 நிமிடம் 2000 சுற்றுக்கு மேல் விடாமல் ஓட வேண்டும். ஐடிலில் விடக்கூடாது, ஏனென்றால் கேமுக்கு ஆயில் கிடைப்பது பெரும்பாலும் கிராங்க் சுற்றும் வேகத்தில் தெறிப்பதால்தான். நான், பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை 180 டிகிரி திரும்பிய நிலையில் செருகியிருந்தேன். எஞ்சின் பிடிக்காமல் கார்புரேட்டர் வழியாக இருமிக்கொண்டே இருந்தது. தவற்றைக் கண்டுபிடிப்பதற்குள் கால்மணி நேரம் ஸ்டார்ட்டரைச் சுற்றியிருப்பேன். கேமின் மேல் பூசியிருந்த பசை அதற்குள் வழித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். பிறகு எஞ்சின் அழகாகப் பிடித்தது, அழகாக ஓடியது. முந்நூறு கிலோமீட்டரில் ஒரு வால்வு தட்டத் தொடங்கியது. கேமின் ஒரு மேடு மழுங்கி, அந்த இரும்புப் பொடி புது பேரிங்குகள் வரை போயிருந்தது. மறுபடி முழுவதையும் பிரித்தேன். கெட்டது ஒரு மேடுதான். கழுவ வேண்டியிருந்தது ஒவ்வொரு ஆயில் வழியையும்.

இரண்டாம் முறை செய்ததைச் சொல்லிவிடுகிறேன். முதல் சிலிண்டரின் அமுக்க வீச்சைத் தீப்பொறிப் பிளக் துளையில் விரலை வைத்தே உறுதிசெய்து, அதன் பிறகுதான் டிஸ்ட்ரிபியூட்டரின் இடத்தைக் குறித்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாக டிரில் மெஷினால் ஆயில் பம்பைச் சுற்றி, கிராங்க்கைச் சிறிது சிறிதாகத் திருப்பி, இரு பக்க ராக்கர் தண்டுகளிலும் ஆயில் ஊறும்வரை காத்திருந்தேன். இந்த எஞ்சினில் கேம் குறிப்பிட்ட நிலைகளில் நிற்கும்போதுதான் அந்தந்த ஹெட்டுக்கு ஆயில் ஏறும், ஆகவே ஒரே நிலையில் வைத்துச் சுற்றினால் ஒரு பக்கம் வறண்டே இருக்கும். கார்புரேட்டர் கிண்ணத்தைக் கையால் பெட்ரோல் ஊற்றி நிரப்பினேன். துத்தநாகமும் பாஸ்பரஸும் போதிய அளவு சேர்ந்த ஆயிலையே ஊற்றினேன். இன்றைய கார்களுக்கான ஆயில்களில், புகைபோக்கியில் உள்ள வினையூக்கி கெடாமலிருக்க அவற்றைக் குறைத்துவிட்டார்கள். மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. அந்த 20 நிமிடமும் நான் கடிகாரத்தைவிட ரேடியேட்டர் மூடியைத்தான் அதிகம் பார்த்தேன்.

பின் ஆக்ஸில் வேலை அவ்வளவு நீளமான கதை அல்ல. 318 வண்டிகளுக்குக் கொடுத்த 7¼ அங்குல ஆக்ஸில் 360இன் முறுக்கைத் தாங்காது. முனகத் தொடங்கியதும், பழைய இரும்புக் கடையிலிருந்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் ஆக்ஸில் ஒன்றை வாங்கி, நீளம் குறைத்து, ஸ்பிரிங் தாங்கிகளைப் புதிதாக வெல்டிங் செய்து ஏற்றினேன். அதோடு பின்னாலும் டிஸ்க் பிரேக் வந்தது, இரண்டாவது ஸ்டெப்னியும் இடம்புரி நட்டும் போயின. கிரைஸ்லர் பக்தர்கள் முகம் சுளிப்பார்கள்; கிரைஸ்லர் வண்டியில் ஃபோர்டு எலும்பு! ஸ்டிக்கரே பொய்யான வண்டியில் அதற்கு மேல் கெடுவதற்கு என்ன இருக்கிறது?

கியர்பாக்ஸ் பற்றி இரண்டு குறிப்புகள் மட்டும். டார்க்ஃப்ளைட் என்ற கிரைஸ்லரின் ஆட்டோமேட்டிக் வகையில் ஆயில் அளவை எஞ்சின் ஓடும்போது நியூட்ரலில் வைத்துப் பார்க்க வேண்டும்; கியரை ‘பார்க்’ நிலையில் வைத்தால் கன்வெர்ட்டருக்கு ஆயில் போகாததால் அளவு பொய்யாகத் தெரியும். கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்கு இறங்கும் கம்பியிணைப்பை, கார்புரேட்டரை மாற்றியபின் சரிசெய்யாமல் ஓட்டினால், உள்ளே இருக்கும் கிளட்ச்சுகள் சில நூறு கிலோமீட்டரில் கருகும். என் வண்டியில் அந்தக் கம்பியை யாரோ கட்டுக்கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள்.

பெட்ரோல் விஷயத்தில் இது யானையைக் கட்டித் தீனி போடும் வேலைதான்: லிட்டருக்கு ஐந்தரை கிலோமீட்டர், நல்ல நாளில் ஆறு. இங்கே பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 10 விழுக்காடு எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் குழாய்கள் உள்ளிருந்தே கரையும். முன் உரிமையாளர் புதுக் குழாய் என்று காட்டியது வெளியே பளபளத்தது, வளைத்தால் வெடித்தது. எத்தனாலைத் தாங்கும் குழாயாகப் பார்த்துத் தொட்டியிலிருந்து பம்ப் வரை எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுவது நல்லது. கோடையில் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பினால் எஞ்சின் பிடிக்காமல் அடம்பிடிப்பதற்கு, எஞ்சின் சூட்டில் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் கொதிப்பதே காரணம். கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் கடத்தாத தடுப்பு வளையம் ஒன்றை வைத்ததில் அது பெரும்பாலும் தீர்ந்தது. ரேடியேட்டரின் விசிறியைச் சுற்றி இருக்க வேண்டிய கூடு என் வண்டியில் இல்லை. அதைத் தேடிப் போட்டபின், ஆகஸ்ட் மாதத்து உட்வர்டு நெரிசலிலும் முள் நடுவைத் தாண்டவில்லை.

துருவைப் பற்றி மட்டும் ஒரு கட்டுரை எழுதலாம். டெட்ராய்ட் நகரத்தின் அடியில் ஏறத்தாழ 1100 அடி ஆழத்தில் உப்புச் சுரங்கம் இருக்கிறது. குளிர்காலத்தில் சாலைகளில் கொட்டும் உப்புக்கு இங்கே பஞ்சமே இல்லை. வண்டி பார்க்கப் போகிறவர்கள் கதவோரத்தையும் சக்கர வளைவையும் தட்டிப் பார்க்கிறார்கள். அவற்றைப் பட்டி பார்த்து மறைப்பது எளிது. இந்த வண்டிக்குத் தனிச் சட்டகம் இல்லை, தகர உடலே எலும்புக்கூடு. ஆகவே பார்க்க வேண்டியது அடியில்: முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார்கள் வந்து முடியும் குறுக்குச்சட்டம், பின் ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டும் இடம், முன்கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் பகுதி. கடைசியாகச் சொன்னது துருப்பிடித்தால் மழைநீர் நேராக ஓட்டுநரின் காலடிக்கு வரும். என் வண்டியில் கார்பெட்டைத் தூக்கியபோது, அதற்கடியில் சாலை அறிவிப்புப் பலகையிலிருந்து வெட்டிய அலுமினியத் துண்டு ஒன்றை ரிவிட் அடித்து வைத்திருந்தார்கள். எழுத்துகளில் பாதி இன்னும் தெரிந்தது. டிங்கரிங் வேலை எனக்குக் கைவரவில்லை. தரைத் தகட்டை வெல்டிங் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்தேன். நவம்பரில் முதல் உப்பு லாரி தெருவுக்குள் வந்த அன்று வண்டி கராஜுக்குள் போகும். வசந்தத்தில் இரண்டு பெருமழை சாலையைக் கழுவிய பிறகுதான் வெளியே வரும்.

அடையாள எண்ணின் ஏழாவது எழுத்து ‘பி’, அதாவது ஹாம்ட்ராம்க் தொழிற்சாலை. டாட்ஜ் மெயின் என்று அழைக்கப்பட்ட அந்தப் பெரும் ஆலை 1980இல் மூடப்பட்டது. அந்த நிலத்தையும் சேர்த்துக் கட்டிய இன்னொரு நிறுவனத்தின் ஆலையில் இப்போது மின்சார வண்டிகள் தயாராகின்றன. ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது வண்டியை வேலியோரம் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டேன். கிளப்பும்போது ஹார்ன் வேலை செய்யவில்லை.

இரண்டாம் முறை எஞ்சினைக் கூட்டிய குளிர்காலத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கினேன். அது கையுறைப் பெட்டியில், உபரி பல்லாஸ்ட் ரெசிஸ்டருக்கு அடியில் இருக்கிறது. முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: எஞ்சின் 360, ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். சமன் எடை ஃப்ளெக்ஸ் பிளேட்டில் இருக்கிறது. கன்வெர்ட்டருக்கு எடை வைத்தால் மறுபடி நடுங்கும். ஆம்மீட்டர் முள் அசையாது, இணைப்பு எடுத்தாகிவிட்டது. பின் ஆக்ஸில் எக்ஸ்ப்ளோரருடையது, பிரேக் பேடும் அதற்கே கேட்டு வாங்கவும். எல்லா நட்டுகளும் இப்போது வலம்புரி. பெட்ரோல் முள் கால் தொட்டியைக் காட்டும்போது தொட்டி காலி. இதை மட்டும் இன்னும் சரிசெய்யவில்லை.